சிதம்பரம் வருவதற்குள் முடியாத பாட்டு

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் தனியார் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். சான்றிதழ் வாங்கப் போகிறேன். அந்தப் பெருமையையே மறக்கடிக்கிறது ஸ்பீக்கரில் பாடும் ஒரு பெண்ணின் குரல். ஆல்பம் முழுக்க அவள்தான். ஒவ்வொரு பாட்டும் முந்தைய பாட்டைத் தூக்கிச் சாப்பிடுகிறது.

“யாருண்ணே பாடுறது?”

கண்டக்டர் சிரிக்கிறார். “யாருக்குத் தெரியும்? சீட்டுல யாரோ உட்டுட்டுப் போன பென்டிரைவும்மா.”

பின்னால் போட்டி பஸ் ஹாரன் அடிக்க, எங்கள் டிரைவர் பறக்கிறார். இப்படிப் போனால் ஆல்பம் முடிவதற்குள் சிதம்பரம் வந்துவிடும்.

“அண்ணே, கொஞ்சம் மெதுவாப் போவச் சொல்லுங்களேன்.”

“ஏம்மா, வாந்தி வருதா?”

“இல்லண்ணே, பாட்டு முடியல.”

“மாமா, கேட்டியா கதைய!” என்று கண்டக்டர் முன்னால் பார்த்துக் கத்துகிறார்.

“பின்னாடி அவன் வர்றான், பாட்டாவது கூத்தாவது!” டிரைவர் இன்னும் அழுத்துகிறார்.

சிதம்பரம் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். கடைசிப் பாட்டு பாதியில் இருக்கிறது; நான் எழுந்திருக்கவில்லை. டிரைவரின் கை சாவிக்குப் போகிறது, ஆனால் திருப்பவில்லை. விரல்கள் ஸ்டியரிங்கில் தாளம் போடுகின்றன. இடம் விடச் சொல்லிப் பின்னால் அதே போட்டி பஸ் அலறுகிறது.

டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுகிறார். “இர்றா மச்சான், பாட்டு முடியட்டும்!”