அறுபத்திரண்டில் நின்ற மாமன்

இடது கை கம்ப்யூட்டர் விசிறியின் இறக்கையைச் சுழலவிடாமல் பிடித்திருக்க, வலது கை தூரிகையால் அதன் இடுக்கை வழித்தது. ஓர் ஏலக்காய்த் தோல், சாம்பிராணிப் புகையின் கரி, வெள்ளிக்கிழமைதோறும் பூசிய சந்தனத்தின் காய்ந்த பொருக்கு எல்லாம் மேசையில் விரித்த காகிதத்தில் விழுந்தன. பிறகு அந்தக் கைகள் கம்ப்யூட்டரை மூடி போடாமலே ஓடவிட்டுவிட்டு மடியில் காத்திருந்தன. காதுகுத்து வீடியோப் படம் உருவாகும் பச்சைக் கோடு நகர்ந்து, அறுபத்திரண்டு சதவீதத்தில் உறைந்தது.

"தூசியால இல்லண்ணே," என்றாள் முத்துப்பிரியா. நோட்டில் 'தூசி' என்று எழுதி அடித்தாள்.

ஸ்டுடியோக்காரர் ஈஸ்வரனுக்கு முகம் தொங்கிவிட்டது. அவரும் சும்மா இருக்கவில்லை. மெமரியை மாற்றி, விண்டோஸைப் புதிதாகப் போட்டு, மின்சார ஒயரை மாற்றி, கம்ப்யூட்டருக்கு மேல் எலுமிச்சம்பழமும் கட்டியிருந்தார். அத்தனையையும் ஒரே நாளில் செய்திருந்தார் என்பதுதான் முத்துப்பிரியாவுக்குப் பொறுக்கவில்லை. எது எதைச் செய்தது என்று எப்படித் தெரியும்?

சிலமலையிலிருந்து பஸ்சில் வந்து, போடியில் பழுதான கம்ப்யூட்டர்களைப் பார்த்துவிட்டுப் போகிறவள் அவள். பதினேழு வயதில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்கு இருந்தபோது, தேனியிலிருந்து வரும் மெக்கானிக் மூடியைக் கழற்றியதும் அவளை டீ வாங்க அனுப்பிவிடுவார். தொழில் ரகசியம். திரும்பி வந்ததும் எந்தத் திருகு பளபளக்கிறது என்று பார்த்தே அவள் பாதித் தொழிலைக் கற்றுக்கொண்டாள். மீதிக்கு ஒரே விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, எழுதிவை.

"வெரசாப் பாரு ஆத்தா," என்றார் சோபாவில் இருந்த கோட்டைச்சாமி. மலைமேல் ஏலத்தோட்டக்காரர், காதுகுத்திய பிள்ளைக்குத் தாய்மாமன். குதிரை, கொட்டு, வேட்டு, ஐம்பத்தொரு சீர்த்தட்டு என்று போடியே பார்க்க வந்தவர். மூன்று மாதமாகப் படம் வரவில்லை. தன் சீரைப் படத்திலிருந்து தங்கையின் மாமியார் வீட்டார்தான் வெட்டச் சொல்லிவிட்டார்கள் என்று அவர் முடிவுகட்டியிருந்தார். "நாலு மணிக்கு ஜீப்பு. படம் கைக்கு வந்தா நான் அண்ணன். வராட்டி இனி அவ வாசப்படி மிதிக்க மாட்டேன்."

அவருடைய தங்கை தமிழ்செல்வி கதவோரம் நின்றாள். அழுது முடித்திருந்தாள்.

"எப்பவும் அறுபத்திரண்டுலயாண்ணே நிக்குது?" என்று கேட்டாள் முத்துப்பிரியா.

"எங்கிட்டு கவனிச்சேன்? மாமன் மண்டபத்துக்குள்ள வர்ற இடத்துல நின்னுபோகும்."

"கண்ணுபட்டிருச்சு," என்றார் கோட்டைச்சாமி, கொஞ்சம் பெருமையாகவே.

முத்துப்பிரியா பேனாவை வைத்தாள். சூடானால் எங்கே வேண்டுமானாலும் நிற்கும். தவறாமல் ஒரே இடத்தில் நின்றால் கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை, படத்தில் இருக்கிறது. மாமன் வரும் துண்டை மட்டும் தனியே எடுத்தாள். அதன்மேல் அடுக்கியிருந்த அலங்காரங்களை ஒவ்வொன்றாக மறைத்து ஓடவிட்டாள். பூமழையை மறைத்தாள், நின்றது. பூமழையைத் திரும்ப வைத்துவிட்டுத் தங்கப்பொடியை மறைத்தாள்; நின்றது. பறக்கும் கழுகை மறைத்தாள், நின்றது. மூலையில் கும்பிட்டபடி இருந்த மாமன் போட்டோவை மறைத்தாள், தடையில்லாமல் ஓடியது. மாமனைத் திரும்பக் கொண்டுவந்தாள். நின்றது.

"இந்தப் போட்டோ ஏதுண்ணே?"

ஈஸ்வரன் குரலைத் தாழ்த்தினார். "மண்டப வாசல்ல வச்ச முப்பதடி ஃபிளக்ஸ் இருக்குல்ல, அதுக்குப் பண்ணுன ஃபைலு. அவரே கொண்டாந்து குடுத்தாரு. கொறைக்காம அப்பிடியே போடணுமின்னாரு."

திரையில் உள்ளங்கை அளவுதான் தெரிந்தார். உள்ளே அந்தப் பழைய கம்ப்யூட்டர் ஒவ்வொரு நொடியும் முப்பதடி ஆளைத் தூக்கிச் சுமந்து, குறுக்கி, திரையில் இறக்கி, கடைசியில் மூர்ச்சையாகியிருந்தது.

"சுருக்கணும்ணே."

"அய்யோ, காதுல விழுந்துறப் போகுது!"

அவள் சத்தமில்லாமல் மாமனைத் திரை அளவுக்குச் சுருக்கி, பழைய இடத்திலேயே வைத்தாள். முழுப் படத்தையும் ஓடவிட்டாள். அறுபது. அறுபத்தொன்று. தமிழ்செல்வி கதவோரத்திலிருந்து மேசைக்கு வந்துவிட்டாள். அறுபத்திரண்டு. அறுபத்துமூன்று. அதற்குள் ஈஸ்வரன் எலுமிச்சம்பழத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மூன்றே முக்காலுக்குக் கோட்டைச்சாமி திரையில் தன்னைப் பார்த்தார். ஐம்பத்தொரு தட்டையும் எண்ணினார். ஒன்றும் குறையவில்லை. பிறகு தங்கையைப் பார்க்க முடியாமல் முத்துப்பிரியா பக்கம் திரும்பினார்.

"என்னத்த ஆத்தா மாத்துன?"

"உங்க போட்டோவத் திரைக்குத் தக்கனப் பண்ணேன் அய்யா."

"அதான பாத்தேன். எவ்வளவு பெருசாத் தெரியுறேன்!"

முத்துப்பிரியா பெட்டியின் கடைசித் திருகை முடுக்கினாள். படம் ஏற்றிய பென்டிரைவை அவர் நீட்டிய கையில் வைக்காமல் தமிழ்செல்வியிடம் கொடுத்தாள். தமிழ்செல்வி அதை இரண்டு கையாலும் அண்ணனிடம் நீட்டினாள்.

"வீட்டுக்கு வந்து நீயே போட்டுக் காட்டிட்டுப் போண்ணே."

ஜீப்பு கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கோட்டைச்சாமி வாங்கிக்கொண்டார்.