அம்மனிடம் கேட்ட பாதிக் கேள்வி

போன வெள்ளிக்கிழமை நாமக்கல்லில் என் நண்பன் செல்வராசு என்னையும் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனான். பூக் கேட்க!

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமா, கிணறு வெட்டுவதா, புது லாரியா... எங்கள் பக்கத்தில் அம்மனைக் கேட்காமல் செய்யமாட்டார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போடுவார் பூசாரி. கேள்வியை மனதில் நினைத்துக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு.

என் பக்தி ஏற்காடு பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது வரும். கீழே கொண்டப்பநாயக்கன்பட்டி வந்ததும் போய்விடும். இருந்தாலும் நண்பன் கூப்பிட்டானே!

செல்வராசு லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறான். ஒரே மகன் கவினுக்கு ராசிபுரத்தில் பெண் அமைந்திருந்தது. எல்லாம் சரி — ஒன்றைத் தவிர. கவினுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. மாத்திரை போடுவதால் சில வருடங்களாக வரவில்லை. பெண் வீட்டுக்கு இது தெரியாது.

"இப்பத்தான் வர்றதே இல்லியே. நாமளா எதுக்கு வாயக் குடுத்துக் கெடுத்துக்கோணும்?" என்றான் காரில். பின் சீட்டில் இருந்த அவன் மனைவி மல்லிகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும்தான். நமக்கெதற்கு வம்பு?

பூசாரி பொட்டலங்களைப் போட்டார். மல்லிகா எடுத்தார். வெள்ளை!

செல்வராசு கன்னத்தில் போட்டுக்கொண்டான். "பாத்தியா? அம்மனே உத்தரவு குடுத்துட்டா!"

மல்லிகா நகரவில்லை.

"ஏனுங்க, என்னன்னு கேட்டீங்க?"

"இந்தச் சம்பந்தம் அமையோணும்னு."

"நானும் அதத்தானுங்க கேட்டேன். பையனுக்கு இருக்கறத மறைச்சுக் கட்டி வெக்கலாமான்னு கேக்கலீங்களே. பாதியச் சொல்லி வாங்குன உத்தரவு எப்படிங்க செல்லும்? மறுக்கா முழுசாச் சொல்லிக் கேளுங்க."

பூசாரி மறுபடி பொட்டலம் கட்டிப் போட்டார். செல்வராசு கைகூப்பினான். உதடு அசைந்தது... நின்றது. கடைசியில் என் பக்கம் திரும்பினான்.

"முடியலடா. அம்மன் மொகத்தப் பாத்துக்கிட்டு, இன்னொருத்தன் புள்ளைய ஏமாத்தலாமான்னு எப்படிடா கேக்கறது?"

பொட்டலங்கள் பிரிக்கப்படாமலே கிடந்தன.

மதம் மனிதனை நல்லவனாக்குமா? எனக்கு நெடுநாள் சந்தேகம். உண்டியலில் தாராளமாகப் போட்டுவிட்டுக் கலப்படம் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பொய் சொல்லாதே என்ற போதனை செல்வராசுக்கும் தெரியும். தெரிந்து என்ன பயன்? நமக்கு நாமே பேசிக்கொள்ளும்போது தப்புக்கு நல்ல பெயராக வைத்துவிடுகிறோம் — 'அட்ஜஸ்ட்மென்ட்', 'பிள்ளையோட வாழ்க்கை'. சாமியிடம் அனுமதி கேட்கப் போனால் அதன் சொந்தப் பெயரைச் சொல்லியாக வேண்டும். நம்புகிறவனுக்கு அங்கே நாக்கு எழுவதில்லை. எனக்கு அப்படி ஒரு இடம் இல்லையே என்று அன்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

கோயில் வாசலிலிருந்தே செல்வராசு பெண்ணின் அப்பாவுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில்தான். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். அவர் முழுசாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "சொன்னதுக்கு சந்தோசமுங்க. புள்ளைகிட்டக் கேட்டுட்டுச் சொல்றேனுங்க" என்று வைத்துவிட்டார்.

இதை எழுதும்வரை பதில் இல்லை. வராமலும் போகலாம். நல்லது செய்தால் உடனே நல்லது நடந்துவிடுமா என்ன?

அன்று வீடு திரும்பியதும் கவினிடம் விஷயத்தைச் சொன்னோம். கத்துவான், அழுவான் என்று பயந்துகொண்டே இருந்தோம். அவன் அப்பாவைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அப்ப இனிமேல் ஊட்டுக்கு ஆராச்சும் வந்திருந்தா, நான் பாத்ரூமுக்குள்ள போய் மாத்திரை முழுங்க வேண்டியதில்லீங்களாப்பா?"