வெள்ளிக்கிழமை வெட்டிய நகம்

ரெட்டிபாளையம் பக்கத்துச் சிமெண்ட் ஆலை ஒன்றில் லாரிகளுக்கு எடை போடுவது வேம்புவின் வேலை. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி எடைமேடையில் ஏறி நின்றதும், கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து எடையைக் கணினியில் பதிந்து சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். புதிதாக வரும் டிரைவர்கள், "தங்கச்சி, கொஞ்சம் பாத்துப் போடு" என்று குழைவார்கள். "மிசினுக்கு அண்ணன் தங்கச்சியெல்லாம் தெரியாதுண்ணே. வண்டியை எடுங்க" என்பார்.

ஒரு மழை நாளில் லாரிக்காரர் ஒருவர், தன் இருக்கைக்குப் பின்னால் சாக்குக்குள் கிடந்த பூனைக்குட்டியைத் தூக்கி வந்தார். "எங்க ஏறுச்சுன்னே தெரியல. இதையும் எடை போட்டுரு" என்று சிரித்தபடி மேடையில் விட்டுவிட்டுப் போனார். டன் கணக்கில் எடை பார்க்கும் கருவி சுழியத்தைக் காட்டியது. கணக்கில் வராத அந்தச் சரக்குக்கு வேம்பு 'லோடு' என்று பெயர் வைத்து, சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

வீடு என்றால் அரியலூரில் ஒரு மாடி வீடு. அது கிடைத்த கதையைச் சொல்லாமல் வேம்புவைப் பற்றி எழுத முடியாது. சொந்த ஊர் ரஞ்சன்குடிக்குப் பக்கம். அம்மா பூமாலை அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தும் சின்ன வெங்காயம் அறுத்தும் மகளைப் பெரம்பலூரில் பி.காம். படிக்க வைத்தார். வேலை கிடைத்த பிறகு வேம்பு அரியலூரில் தெருத் தெருவாக வீடு தேடினார். காலி வீடுகளுக்குக் குறைவில்லை. "எந்த ஊரும்மா?" என்பார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னதும், "ஊருக்குள்ளயா, அந்தப் பக்கமா?" என்பார்கள். வேம்பு பொய் சொல்லமாட்டார். அந்த நொடியில்தான் வீட்டுக்காரருக்கு, மைத்துனர் குடும்பம் குடிவரப் போவது ஞாபகம் வரும். நிலாவில் கருவியை இறக்கிவிட்டோம் என்று இனிப்பு வழங்குகிற நாட்டில், வாடகை கொடுக்க வருகிற பெண்ணிடம் அவள் பிறந்த தெருவைத்தான் விசாரிக்கிறார்கள். இதற்கு வெட்கப்பட வேண்டியவர்கள் யாரும் வெட்கப்பட்டுப் பார்த்ததில்லை.

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் அய்யம்பெருமாள் மட்டும், "தண்ணி மோட்டாரை மறக்காம நிறுத்துவியாம்மா?" என்று கேட்டார். நிறுத்துவேன் என்றார் வேம்பு. சாவியைக் கொடுத்துவிட்டார்.

கீழ்வீட்டில் அவரும் மனைவி அம்மாக்கண்ணுவும். லோடு வளர்ந்து, மாடிப்படியைத் தன் சாலையாக ஆக்கிக்கொண்டது. மூன்று வருடம் சச்சரவில்லாமல் போனது. போன கார்த்திகை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வேலை முடிந்து வந்த வேம்புவை அம்மாக்கண்ணு படியிலேயே நிறுத்தினார்.

"உள்ள வந்து சோபாவைப் பாரு."

புதுச் சோபாவின் ஒரு பக்கம் நூல்நூலாகத் தொங்கியது.

"தைச்சுத் தந்துடுறேங்கா."

"சோபா கெடக்குது. சனிக்கிழமை காலையில சிவரஞ்சனி புள்ளையத் தூக்கிட்டு வரா. கைக்குழந்தை. கண்ணுல கீறிப்புட்டா நீயா பொறுப்பு? பூனை போவணும். இல்லன்னா நீ வேற வூடு பாத்துக்க."

மகள் வயிற்றுப் பேத்தி முதல்முறையாக வருகிறாள். பயம் நியாயமானது என்பதை வேம்பு மறுக்கவில்லை. ஆனால் லோடை ஏதோ ஒரு லாரியில் ஏற்றி அனுப்பவும் அவருக்கு மனமில்லை. மறுபடி ஒவ்வொரு வாசலாக நின்று பிறந்த தெருவுக்குப் பதில் சொல்லவும் தெம்பில்லை.

"நகந்தானேக்கா தொல்லை? வெட்டிவுட்டா?"

அய்யம்பெருமாள் ஆர்வமாக எழுந்தார். "கட்டிங் பிளேயர் இருக்கு. மொத்தமா புடுங்கிடலாம்."

"மொதல்ல உங்க விரலைக் காட்டுங்க, புடுங்கிப் பாப்போம்" என்றார் அம்மாக்கண்ணு. பிறகு வேம்புவிடம், "வெட்டுறதுன்னா வெட்டிக்க. ஆனா இன்னைக்கி செவ்வாய்க்கிழமை. இந்த வூட்டுல செவ்வா வெள்ளி நகம் வெட்டக்கூடாது. வெளக்கு வச்ச பொறவும் கூடாது" என்றார்.

மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் கத்தியால் நகம் சீவிய காலத்தில், அந்தி நேரத் தடைக்கு ஒரு பொருள் இருந்திருக்கும். விரல் தப்பியது. செவ்வாய்க்கிழமையின் குற்றம் என்னவென்று இதுவரை ஒருவரும் விளக்கியதில்லை. கேட்டால், பெரியவர்கள் சொன்னார்கள் என்பார்கள். அந்தப் பெரியவர்களும் கேட்டிருக்க மாட்டார்கள்.

புதனும் வியாழனும் வேம்பு வீடு திரும்பும்போது கீழே விளக்கு ஏற்றியிருப்பார்கள். காலையில் லோடு ஊர் சுற்றப் போயிருக்கும். விடுப்பு வெள்ளிக்கிழமைதான்.

புதன்கிழமை சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு, தன் நகவெட்டியோடு ரகசியமாக வேலையில் இறங்கினார். லோடு போட்ட கூச்சலில், வேறு தெருப் பூனைகள்கூடப் பதில் கொடுத்தன. "வெளக்கு வச்ச வூட்டுல என்னடி வெட்டுற?" என்று கீழிருந்து குரல் வந்தது. ஒரு நகமும் வெட்டவில்லை. வேம்புவின் முன்கையில் மட்டும் மூன்று கோடுகள் விழுந்தன.

மறுநாள் காலை, ஆலையில் பர்மிஷன் சொல்லிவிட்டுக் கால்நடை மருத்துவமனைக்குப் போனார். கையைக் கழுவி மருந்து போட்டுவிட்ட டாக்டர் ஜெயசித்ரா, "நாய், பூனை கீறினா அசட்டையா விடாதீங்க. எதிர்ல ஆஸ்பத்திரில ஊசியைப் பத்திக் கேட்டுட்டுப் போங்க" என்றார். கைக்குழந்தை வரும் கதையைக் கேட்டுவிட்டுத் தொடர்ந்தார்: "நாளைக்கு எனக்கு ஆண்டிமடம் பக்கம் மாட்டுக்குத் தடுப்பூசி முகாம். நான் இருக்க மாட்டேன். ஆனா நீங்களே வெட்டலாம். தனியா வேணாம், கூட ஒரு ஆள் வேணும்."

"பிடிச்சாலே திமிருது மேடம்."

"அமுக்கிப் புடிச்சிருப்பீங்க. வயிறு நெறஞ்சு தூக்கம் வர்ற நேரமாப் பாத்து, துண்டுல தளர்வாச் சுத்தி மடியில வச்சுக்கணும். பாதத்தை மேலயும் கீழயும் மெதுவா அழுத்துனா நகம் தானா வெளிய வரும். வெளிச்சத்துல பாருங்க, அடியில ரோஸ் நிறமாத் தெரியும். அதுல ரத்தமும் நரம்பும் ஓடுது. அதுகிட்டயே போகாதீங்க. கூரா வளைஞ்ச நுனி மட்டும் போதும். திமிறினா விட்டுடுங்க, பொறவு பாத்துக்கலாம். தப்பித்தவறி ரத்தம் வந்தா மைதாவை வச்சு அழுத்திப் புடிங்க."

"புடுங்கிடலாங்குறாரு வூட்டுக்காரர்."

"அது நம்ம விரலோட நுனிக் கணுவையே வெட்டி எடுக்குற மாதிரி. அவருகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. இன்னொண்ணு, நகம் வெட்டினாலும் கைக்குழந்தைகிட்ட பூனையைத் தனியா விடாதீங்க."

மனிதர் நகவெட்டி பூனை நகத்தைப் பிளந்துவிடும் என்று அவர் சொன்னதால், மீன் தொட்டி விற்கும் கடையில் அதற்கென்று இருக்கும் சின்னக் கத்திரியை வேம்பு வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுது. மொட்டைமாடியில் நல்ல வெயில். தண்ணீர்த் தொட்டி நிழலில் லோடு சோம்பிக் கிடந்தது. பக்கத்தில் கத்திரி, துண்டு, ஒரு கிண்ணம் மைதாவோடு வேம்பு. துணி எடுக்க வந்த அம்மாக்கண்ணு, கத்திரியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பின்னாலேயே அய்யம்பெருமாளும் வந்தார்.

"இன்னைக்கி என்ன கெழமை?"

"வெள்ளிங்கா. நாளைக்குப் புள்ளை வந்துடும். இன்னைக்கி விட்டா நாளில்ல." வேம்பு துண்டை உதறினார். "ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. லோடு இந்த வூட்டைச் சேந்ததா, இல்லையா?"

"அது எங்கேர்ந்தோ லாரில வந்தது. இந்த வூட்டுக்கும் அதுக்கும் என்ன?"

"அப்ப இந்த வூட்டுச் சட்டம் அதோட நகத்துக்கு எப்படிக்கா செல்லும்?"

அம்மாக்கண்ணு யோசித்தார். "சரி, சேந்ததுன்னே வச்சுக்க."

"சேந்ததுன்னா வெளிய போவச் சொல்ல முடியாதே."

அய்யம்பெருமாள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "முப்பது வருசம் டிக்கெட் எடுக்காதவன எல்லாம் மடக்கிருக்கேன். இப்படி ஒருத்தர மடக்கினதில்ல."

"நீங்க பல்லைக் காட்டாம அதைப் புடிங்க. அவ கையப் பாத்தீங்களா, ஒத்தையா எப்படிப் புடிப்பா?"

அய்யம்பெருமாள் துண்டோடு குனிந்தார். லோடு அவரைத் தாண்டிக் குதித்தது. ஓடித் தப்பும் என்று பார்த்தால், நேராகப் போய் அம்மாக்கண்ணுவின் காலில் உரசி, புடவைத் தலைப்பை முகர்ந்து, அவர் உட்கார்ந்ததும் மடியில் ஏறிச் சுருண்டுகொண்டது.

வேம்பு பூனையையும் அம்மாக்கண்ணுவையும் மாறி மாறிப் பார்த்தார். பகலெல்லாம் வேம்பு ஆலையில் இருக்கிறார். கீழே என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும்?

"என்ன பாக்குற? பின்வாசல்ல வந்து கத்துச்சு. மிச்சஞ்சொச்சம் போட்டேன்."

"மிச்சஞ்சொச்சமா?" என்றார் அய்யம்பெருமாள். "அதுக்குன்னு தனியாக் கெண்டைக் குஞ்சு வாங்கியாரச் சொன்னது யாரு?"

"அந்த மைதாவை எடுத்துக் கையில வச்சுக்கிட்டுச் சும்மா நில்லுங்க."

துண்டைச் சுற்றினார்கள். வேம்பு முன்னங்காலை எடுத்துப் பாதத்தை மெல்ல அழுத்தினார். உறைக்குள்ளிருந்து வெளிவருவது போல நகம் வந்தது. வெயிலில் கண்ணாடி மாதிரி, அடியில் ரோஸ் கோட்டோடு. நுனியில் ஒரு சின்ன 'டிக்'. லோடு கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"அவ்ளோதானா?" என்றார் அம்மாக்கண்ணு.

"அவ்ளோதான்."

இடது கால் முடிந்து வலது காலில் மூன்றாவது நகத்தை வெட்டும்போது, அய்யம்பெருமாளின் போன் அலறியது. லோடு காலை இழுத்தது. கத்திரி கொஞ்சம் உள்ளே போய், நுனியில் ஒரு சொட்டு ரத்தம் துளிர்த்தது. வெள்ளிக்கிழமை, ரத்தம், இனி கேட்கவே வேண்டாம், வீடு போயிற்று என்று வேம்பு நினைத்தார்.

"போனை அணைங்க. மாவைக் கொண்டாங்க" என்றார் அம்மாக்கண்ணு. மைதாவை வைத்து விரலால் அழுத்திக்கொண்டே, "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல" என்று பூனையிடம் பேசினார். பிறகு வேம்புவை முறைத்தார். "பாத்து வெட்டக் கூடாதாடி? பாவம், வாயில்லாதது." கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

ரத்தம் நின்றது. லோடு திமிறத் தொடங்கியதால் மீதி இரண்டு நகத்தை விட்டுவிட்டு, சாயங்காலம் அது தூங்கி வழியும்போது முடித்தார்கள். கீழே விளக்கு ஏற்றியாகிவிட்டது. வேம்பு எடுத்து வந்த நெத்திலிக் கருவாட்டை அம்மாக்கண்ணு தன் கையாலேயே ஊட்டினார். விரதம் இருக்கிற வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த வேளையில், கருவாடு! பகுத்தறிவு மேடையில் நாம் தொண்டை கிழியப் பேசி ஒரு மாமாங்கத்தில் சாதிக்காததை ஒரு பூனை ஒரே நாளில் சாதித்துவிட்டது.

சனிக்கிழமை சிவரஞ்சனி வந்தாள். கூடத்தில் பாய் விரித்துக் குழந்தையைக் குப்புறப் போட்டிருந்தார்கள். சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருக்க, லோடு வந்து முகர்ந்து பார்த்தது. குழந்தை அதன் வாலைப் பற்றி இழுத்துவிட்டது. லோடு திரும்பி அந்தப் பிஞ்சுக் கையில் பட்டென்று ஓர் அடி வைத்தது. வேம்பு பாய்ந்து பூனையைத் தூக்கினார். அம்மாக்கண்ணு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேத்தியின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கோடும் இல்லை. குழந்தை கெக்கெக்கென்று சிரித்து, இன்னொரு அடிக்காகக் கையை நீட்டியது.

"அம்மா, மாடி அக்காவ வேற வூடு பாக்கச் சொன்னேன்னியே?" என்றாள் சிவரஞ்சனி.

"எதுக்குப் பாக்கணும்? இது நகத்தை யாரு வெட்டுவா, உங்கப்பாவா?" அம்மாக்கண்ணு வேம்புவின் பக்கம் திரும்பினார். "புள்ளை தூங்குறப்ப இது மாடியில இருக்கணும். திரும்ப எப்ப வெட்டணுமாம்?"

"ரெண்டு மூணு வாரத்துக்கு ஒருக்கான்னாங்க. என்னைக்குக்கா வெட்டலாம்?"

"உனக்கு என்னைக்கு லீவோ அன்னைக்கு."