போகாத வகுப்பின் வருகைப்பதிவு

"கோட்டப் படி நாலு ஏற முடியாத புள்ள, காலேஜ் மாடி ஏறப் போவுதா இன்னா?" என்று சித்தப்பா கேட்டார். எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த சேதியைச் சொல்ல நைனாவும் நானும் அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். "ஏறுதா இல்லையான்னு அது பாத்துக்கும். உன் டீ ஆறுது, நீ அத்த பாரு" என்றார் நைனா. சித்தப்பா சொன்னதில் பொய் இல்லை. செஞ்சியில் படித்த பிள்ளைகள் ஒரு தடவையாவது ராஜகிரிக் கோட்டை மலை ஏறியிருப்பார்கள். பிறவியிலேயே கால்கள் வலுவில்லாத நான், அடிவாரத்தில் அவர்களுடைய புளிசோற்று மூட்டைகளுக்குக் காவல் இருந்து குரங்கு விரட்டியிருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். கல்லூரி மாடியெல்லாம் எனக்கு ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை.

கல்லூரி வாசலில் எவர்சில்வர் கைப்பிடி வைத்த அழகான சாய்தளம் இருந்தது. அது வராண்டாவோடு முடிந்துவிடும். எங்கள் வரலாற்றுத் துறையோ மாடியில். முதல் சில நாட்கள் நான் ஏறினேன். ஊன்றுகோல்களைத் தோழியிடம் கொடுத்துவிட்டு, படிக்கட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கைகளை ஊன்றி ஒவ்வொரு படியாக மேலே நகர்வேன். சுடிதார் புழுதியாகிவிடும். அதைத் தட்டிவிட்டு வகுப்புக்குள் நுழையும்போது உள்ளுக்குள் ஒரு கர்வம் இருக்கும். ஒருநாள் எங்கள் துறைத்தலைவர் அதைப் பார்த்துவிட்டார். நாங்கள் மேடம் என்றுதான் சொல்வோம். படியில் நின்றபடியே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஐயோ, இன்னா பாடு படற நீ! இனிமே மாடிக்கே வரக் கூடாது. கீழ உக்காந்து படி, அட்டெண்டன்ஸ் நான் பாத்துக்கறேன்" என்றார்.

மறுநாளே கீழே, உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைக்கும் அறைக்குப் பக்கத்தில், எனக்கென்று ஒரு சின்ன அறை தயாரானது. புது மின்விசிறி மாட்டினார்கள். யாராவது ஒருத்தி பாடக் குறிப்புகளைக் கொண்டுவந்து தருவாள். அமாவாசையன்று பஸ்ஸெல்லாம் மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்விட, நான் எங்கள் ஊர் வல்லத்திலேயே நின்றுவிட்ட நாட்களிலும் வகுப்புக்கு வந்ததாகவே பதிவாகும். நைனா மேடத்தைக் கையெடுத்துக் கும்பிட்டார். அறுவடை முடிந்ததும் ஒரு பை வேர்க்கடலை கொண்டுபோய்க் கொடுத்தார். நானும் அதை எனக்குக் கிடைத்த மரியாதை என்றே நினைத்தேன். என் தலைக்கு மேலே பெஞ்சு இழுபடும் சத்தம் கேட்கும். திடீரென்று மொத்த வகுப்பும் சிரிக்கும். எதற்குச் சிரித்தார்கள் என்பது மட்டும் குறிப்பில் இருக்காது.

கடைசி வருடத்தில் மேடத்துக்கு மூட்டு தேய்ந்துபோனது. படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உடனே வகுப்பு கீழே வந்துவிட்டது. கூட்டம் போட்டுப் பேசவில்லை, யாரிடமும் அனுமதிக்கு அலையவில்லை. உடைந்த பெஞ்சுகளை வெளியே தள்ளினார்கள். பையன்கள் பாட்டுப் பாடிக்கொண்டே மாடியிலிருந்து நல்ல பெஞ்சுகளை இறக்கிப் போட்டார்கள். அவ்வளவுதான். மலைமேல் இருக்கும் கோட்டையைப் போல வகுப்பும் இருந்த இடத்தை விட்டு நகராது என்று அதுவரை நம்பியிருந்தேன்.

அன்று முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். பாடத்தின் நடுவில் மேடம், "நம்ம குதிரக்காரன் இன்னா பண்ணான்?" என்று கேட்டதும் வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. என்னடி என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அது மொத வருசத்துக் கதடி. இப்ப சொன்னா சிரிப்பு வராது" என்றாள். எல்லாத் தேர்வுகளிலும் நான்தான் முதல் மதிப்பெண். ஆனால் அந்த வகுப்பில் நான் படிக்கவே இல்லை என்பது அந்த நிமிடம்தான் புரிந்தது.

எல்லாரும் போன பிறகு மேடம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பெஞ்ச எறக்கியிருந்தா முடிஞ்சிருக்கும். எனக்கு வலி வந்தப்புறம்தானே தோணுச்சு" என்றார். "பரவால்ல மேடம்" என்றேன். வேறு என்ன சொல்வது? அவரைப் போல என்மேல் அன்பு வைத்தவர்கள் அந்தக் கல்லூரியில் யாருமில்லை. ஆனால் அது பரவாயில்லை என்று சொல்லித் தாண்டிவிடுகிற இழப்பு இல்லை. அன்று அவரிடம் அதைச் சொல்லியிருந்தால் எங்கள் இருவருக்கும் நல்லதாக இருந்திருக்கும். அந்த வருடத்தோடு அவர் ஓய்வு பெற்றார்.

இப்போது பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கிறேன். இங்கும் துறை மாடியில்தான். லிப்ட் வரப்போகிறது என்கிறார்கள். இங்குள்ள துறைத்தலைவரும் நல்ல மனிதர். போன வாரம் கீழே இறங்கி வந்து, "நீ லைப்ரரில உக்காந்துக்கம்மா. வருகை போட்டுடச் சொல்றேன்" என்றார்.

"வேணாம் சார். நான் கிளாஸ்ல இல்ல. இல்லன்னே போடுங்க."

"வருகை கொறஞ்சா பரீட்ச எழுத முடியாதும்மா."

"தெரியும் சார். கிளாஸ கீழ கொண்டாங்க, மொத ஆளா வந்துடறேன்."

அவர் மாடி ஏறிப் போய்விட்டார். இந்த வாரம் என் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்றே விழுகிறது. வகுப்பு நேரம் முழுக்க நான் மாடிப்படியின் முதல் படியில் உட்கார்ந்திருக்கிறேன். மேலே போகிறவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும்.