எங்கள் வீட்டு முறை

பெருங்களத்தூர் நெரிசலில் டீசல் புகை முகத்தில் அடித்தால் எனக்கு இன்றும் எங்கள் ஊர் பஸ்தான் நினைவுக்கு வருகிறது. கூடுவாஞ்சேரிக்கு உள்ளே, இப்போது ப்ளாட் போட்டுவிட்ட எங்கள் ஊரில் அன்று முப்பதே வீடுகள், ஒரே பஸ். ஆளில்லாவிட்டால் நிறுத்திவிடுவார்கள் என்று, வேலை இல்லாவிட்டாலும் தினம் ஒரு வீட்டார் முறைவைத்து ஏறிப் போய்வருவோம். எங்கள் முறையன்று காய்ச்சலில் கிடந்த அம்மா, "நீயாவது போய் ஏறிக்கோடி" என்றாள். தனியாகப் போகப் பயந்து பம்புசெட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு பஸ் காலியாகத் திரும்பியது. ஆட்களை எண்ண அதில் அதிகாரி வந்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

மறுநாளிலிருந்து பஸ் இல்லை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ஏறினேன் என்றுதான் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். கிளம்பிப்போன ஒவ்வொருவரிடமும் அவள் கேட்டாள்: "எம்பொண்ணு ஏறினாளே, அப்புறம் ஏன் நிறுத்தினாங்க?"