ஈஸ்வரமூர்த்தி வீட்டுக்கு வந்த கேப்

சூலூரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தி பால்காரரை நம்பமாட்டார், கேஸ் சிலிண்டர் போடுகிறவரை நம்பமாட்டார், வானிலை அறிக்கையைக் கொஞ்சமும் நம்பமாட்டார். என்னையும் நம்பமாட்டார். ஸ்க்ரூ டிரைவர் இரவல் கேட்டால், மாற்றிக் கொடுத்துவிடுவேனோ என்று கைப்பிடியில் சிவப்புப் பெயின்ட் தொட்டு வைத்துத்தான் தருவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விசைத்தறி ஓட்டுகிற மனிதர், நூல் வியாபாரிகளிடம் ஏமாந்து ஏமாந்து இப்படி ஆகிவிட்டார் என்று அவர் மனைவி ராசாத்தாள் சமாதானம் சொல்வார்.

வீட்டில் ஒரு இரும்பு பீரோ, அதற்குள் ஒரு சின்ன லாக்கர். இரண்டின் சாவியும் அவர் அரைஞாண் கயிற்றில் தொங்கும். குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டார்.

ஒரே மகள் லோகப்பிரியா கோயம்புத்தூரில் கல்லூரியில் படித்தாள். கபடியில் கெட்டிக்காரி. அங்கே பெண்களுக்கு ரக்பி சொல்லிக்கொடுக்கும் நஸ்ரியா, அவள் ஆளை மடக்கும் லாகவத்தைப் பார்த்துவிட்டுத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். படிப்பு முடிவதற்குள் இந்திய அணியில் எடுத்துவிட்டார்கள். அணிக்குப் பதினைந்து பேர் ஆடும் முழு ஆட்டத்தில் நம் பெண்கள் அப்போதுதான் வெளிநாட்டோடு மோதத் தொடங்கியிருந்தார்கள். சிங்கப்பூரில் மேட்ச். தெருவே அவளுக்குக் கை குலுக்கிப் பாராட்டியது. அப்பா மட்டும் அவள் பாஸ்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"நாட்டுக்கு ஆடப் போற புள்ளைக்கு பூட்ஸ் நாமளே வாங்கோணுமாம். பாஸ்போர்ட்டை டீம்காரங்க கையில குடுத்துப்போடோணுமாம். கேட்டா நல்லாவாங்க இருக்குது?" என்று காம்பவுண்டுச் சுவருக்கு மேலாக என்னிடம் கேட்டார். வெளிநாட்டு வேலை என்று கூட்டிப்போய் ஏமாற்றிய செய்தியைப் பேப்பரில் நானும்தான் படித்திருந்தேன்.

அன்று சாயங்காலம் மகள் போனில் பேசியது அவர் காதில் விழுந்தது. "அங்க மேட்ச்ல எறங்கிட்டா எனக்குக் கேப் கெடைச்சிருமுங்க மேம்!"

போச்சு. முன்பின் தெரியாத ஊரில் இறங்கியதும் யாரோ வாடகைக் காரோடு காத்திருக்கிறான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

மறுநாள் பஸ் ஏறி கோயம்புத்தூர் மைதானத்துக்கே போய், இளநீர் வண்டி மறைவில் நின்று வேவு பார்த்தார். திரும்பி வந்தவர் முகம் சரியில்லை. "தலையைக் குனிஞ்சு ஒருத்தி தோள ஒருத்தி புடிச்சுட்டு முட்டிக்கிறாங்க. அது போகட்டும். முன்னால போறதுக்குப் பந்தைப் பின்னால எறியறாங்க. நேர்மையான ஆட்டமாங்க இது?"

லோகப்பிரியா சாப்பிடவில்லை, அழுதாள். விசா வேலைக்கு பாஸ்போர்ட் போய்ச் சேரவேண்டிய கடைசி நாளும் வந்தது. நஸ்ரியா நேரிலேயே வந்துவிட்டார். துணைக்கு என்று ராசாத்தாள் என்னையும் கூப்பிட்டிருந்தார்.

"ஏனுங்க, அங்க கார் அனுப்பறது யாருங்க?" என்று எடுத்ததுமே கேட்டார் ஈஸ்வரமூர்த்தி.

நஸ்ரியாவுக்கு விளங்கவே நேரம் பிடித்தது. "அண்ணா, கார் இல்லீங்க. கேப்புன்னா தொப்பி. நாட்டுக்காக மொத ஆட்டம் ஆடறவங்களுக்கு மரியாதையாக் குடுக்கறது."

"அதத்தான் நானும் சொல்றேன். எம்பட புள்ளைக்குக் குல்லாப் போடப் பாக்கறீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். நஸ்ரியா பொறுமையாக உலகத்துப் பெண்கள் எப்படி இந்த ஆட்டத்துக்கு வந்தார்கள் என்று ஆரம்பித்தார். நாடும் நாடும் மோதிய முதல் ஆட்டம் நெதர்லாந்தும் பிரான்சும் ஆடியது என்றார். ஈஸ்வரமூர்த்தி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெருமைப் பேச்சு எதுவும் அவரிடம் எடுபடாது.

"தொண்ணூத்தொண்ணுல வேல்ஸ்ல மொத உலகக் கோப்பைங்க. ரக்பியை நடத்தற உலகச் சங்கம் அதுக்கு அங்கீகாரமே குடுக்கல. சோவியத் பொண்ணுங்க கையில காசில்லாம வந்தாங்க. செலவுக்கு ஊர்ல இருந்து வோட்கா, மீன் முட்டை டப்பான்னு கொண்டுவந்து வித்தாங்க."

அவர் கண் கீழே இறங்கியது. "வித்தாங்களா?"

"வித்தாங்க. கஸ்டம்ஸ்காரங்க வந்து புடிச்சுட்டாங்க."

"அப்புறம்?"

"பாவம்னு அந்த ஊர்க்காரங்க சோத்துக்கும் செலவுக்கும் ஒத்தாசை பண்ணுனாங்க."

"ஆடுனாங்களா?"

"ஆடுனாங்க அண்ணா. தோத்துப் போனாங்க."

ஈஸ்வரமூர்த்தி நஸ்ரியாவின் முகத்தை, தறியில் துணியைப் பார்ப்பதுபோல உற்றுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏமாத்த வந்தவன் செயிச்ச கதையத்தானுங்க சொல்லுவான். மாட்டிக்கிட்டதையும் தோத்ததையும் எதுக்குச் சொல்லோணும்?"

எழுந்து போய் பீரோவைத் திறந்தார். பாஸ்போர்ட்டை நஸ்ரியா கையில் கொடுக்கவில்லை. மகள் கையில் கொடுத்து, "நீயே குடு கண்ணு" என்றார். அவள் அவரைக் கட்டிக்கொண்டாள். அவரோ நஸ்ரியாவின் ஸ்கூட்டர் நம்பரைக் குறித்துக்கொள்ளும்படி என்னிடம் ஜாடை காட்டினார்.

சிங்கப்பூரில் நம் அணி தோற்றது. லோகப்பிரியா புருவத்தில் தையலோடு திரும்பினாள். கையில் தொப்பி. நாங்கள் எல்லோரும் கைதட்ட, அவர் அதைப் பறிக்காத குறையாக வாங்கி, உள்பக்கம் திருப்பி, ஒரு நூலை இழுத்துப் பார்த்தார். "பாலியெஸ்டர் கலப்பு. தையலும் சுமார்தான். இதுக்கா இந்த அடி வாங்குனே?" மகளின் முகம் வாடிவிட்டது. நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அதற்குள் அவர் தொப்பியோடு உள்ளே போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் தொப்பியைப் பார்க்க வந்தார்கள். ஆளாளுக்குக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். ஈஸ்வரமூர்த்தி ஒவ்வொரு கையாகக் கண்காணித்துக்கொண்டே நின்றார். யாரோ ஒரு பையன் தலையில் வைக்கப் போனபோது வெடுக்கென்று வாங்கிக்கொண்டார். "பாத்தாச்சுல்லீங்க? போதும்."

எல்லோரும் போனபின் நான் மட்டும் இருந்தேன். பீரோவைத் திறந்து, உள்ளே இருந்த சின்ன லாக்கரையும் திறந்தார். தொப்பி நசுங்காமல் இருக்க அதில் இடம் போதவில்லை. ராசாத்தாளின் நகைப்பெட்டியை வெளியே எடுத்துக் கட்டில்மேல் போட்டார். தொப்பியை வைத்துப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். கதவோரம் நின்ற லோகப்பிரியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

"ஏனுங்க, நகை வெளிய கெடக்குதுங்க" என்றார் ராசாத்தாள்.

"அது கடையில கெடைக்கும் அம்மணி" என்றார் ஈஸ்வரமூர்த்தி.