வெள்ளவத்தை விலாசத்தில் ஒரு வயல்

யுத்த காலத்தில் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு விலாசம் எங்களுக்கு மட்டும் சொந்தமாக இருக்கவில்லை. வடக்கிலிருந்த உறவுக்காரர் அத்தனை பேருக்கும் கடிதம் அங்கேதான் வரும். ஊருக்குப் போட்டால் போய்ச் சேருமோ என்னவோ, கொழும்புக்கென்றால் நிச்சயம். பாஸ்போர்ட், கனடாக் கடிதம், பரீட்சை முடிவு எல்லாம் எங்கள் பெட்டிக்குள்தான். படிவம் நிரப்புவது என் வேலை. கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் டைப்பிஸ்டாக இருந்ததால் அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

வவுனியாப் பக்கம் ஐந்து ஏக்கர் நெல் செய்த சித்தப்பா, கண் ஒப்பரேசனுக்காக வந்து எங்களோடு நின்றபோதுதான் ஊரில் வெள்ளம் வந்தது. கதிர் முற்றிய வயல் முழுக்க அழுகிப்போயிற்று. அரசாங்கம் நிவாரணம் கொடுக்கிறது என்றார்கள். நானே படிவத்தை நிரப்பி அனுப்பினேன். அந்தக் காசு வந்தால்தான் அடுத்த போகத்துக்கு விதைநெல். இல்லாவிட்டால் வயல் சும்மா கிடக்க வேண்டியதுதான்.

பக்கத்து வயல்காரருக்கெல்லாம் காசு வந்தது. சித்தப்பாவுக்கு வரவில்லை. ஏனென்று அறிய வழியும் இல்லை, பெயர்ப்பட்டியலை எங்கேயும் ஒட்டவில்லை. கண் சுகமாகி ஊருக்குப் போன சித்தப்பா, சங்கக்கடை வாசலில், நிவாரணத்துக்குப் பெயர் எழுதி அனுப்பும் கிராம சேவகரை மறித்துக் கள்ளன் என்று கத்தியிருக்கிறார். அடுத்த கிளினிக்குக்குக் கொழும்பு வந்தபோது அதைப் பெருமையாகச் சொன்னார்.

"எல்லாச் சனமும் பாத்துக்கொண்டு நிண்டது. எழுதி அனுப்பினனான் எண்டு என்னவோ முனகினார். நான் விடேல்லை."

"அப்பிடித்தான் வேணும்!" என்று நானும் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

பட்டியல் கொழும்புத் தலைமை அலுவலகத்தில்தான் பாஸாகிறது என்று கேள்விப்பட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே போகத் தொடங்கினேன். ஒரு வயதான சிங்களக் கிளார்க் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைச் சொன்னார்: "பென்னன்ன பே, நங்கி." காட்ட ஏலாதாம், தங்கச்சி. வெளியில் ஒட்டினால் சனம் வந்து சண்டை பிடிக்குமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சனத்தின் காசு, சனத்தின் பெயர், அதைச் சனம் பார்த்தால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும்? நான்காம் தடவை, எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களம் முழுவதையும் உரத்த குரலில் கொட்டினேன். மனுசன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மேசை லாச்சியைத் திறந்து பட்டியலை எடுத்தார்.

சித்தப்பாவின் பெயர் இருந்தது. அதன்மேல் சிவப்புக் கோடு. பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு: கொழும்பு 6இல், அதாவது வெள்ளவத்தையில், வசிப்பவர், விவசாயி அல்ல. வழக்கம்போல எங்கள் வீட்டு விலாசத்தைத்தான் நான் எழுதியிருந்தேன். வெள்ளவத்தையில் எங்கே வயல் இருக்கிறது என்று கிளார்க் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை.

பின்னால் ஒரு கடிதம் குத்தியிருந்தது. அதில் என்ன இருக்கிறதென்று அவர் என்னிடமே விசாரித்தார், தமிழ் வாசிக்க அந்த அலுவலகத்தில் ஆள் இல்லையாம். கிராம சேவகர் எழுதியது. 'இவர் என் பிரிவில் நெல் செய்பவர். கொழும்பு விலாசம் கடிதத்துக்கு மட்டும். தயவுசெய்து சேர்த்துக்கொள்ளவும்.' திகதியைப் பார்த்தேன். சித்தப்பா அவரைக் கள்ளன் என்பதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே எழுதியிருக்கிறார். முறையீட்டுக்கான கெடுவோ போன மாதமே முடிந்துவிட்டது.

பின்னேரம், கிளினிக்குக்காக இன்னும் எங்களோடு நின்ற சித்தப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பிழை என்னுடையது என்பதையும். ஒரு வரியையும் மறைக்கவில்லை. அவர் கட்டிலுக்கடியிலிருந்து தன் பையை இழுத்தெடுத்தார்.

"ஊர் பாக்க அந்த மனுசனைக் கள்ளனெண்டு சொல்லிப்போட்டன், பிள்ளை. விடிய ரெயில் எத்தினை மணிக்கு?"

மன்னிப்புக் கேட்கப் போனார். விதைநெல்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் போகம் ஐந்து ஏக்கரும் விதைக்காமல் கிடந்தது. என்னை ஒருமுறையாவது ஏசியிருக்கலாம்.